பட்டியலின் கடைசிவரை

சுனாமியில் கடல் வந்த அடுத்த மாதம் அந்தக் கணினி நிரலை சி மொழியில் எழுதியவள் நான்தான். உறவினர்கள் தேடும் பெயர் முகாம் பட்டியலில் இருக்கிறதா என்று அது பார்த்துச் சொல்லும். நாலரை வருடம் கழித்து, சண்டை முடிந்ததும், வன்னி முகாம்களின் பட்டியலை அதே நிரலுக்குக் கொடுத்தார்கள். பாதி வழியிலேயே கணினி இறுகி நின்றது.

மண்டூரிலிருந்து சீதேவிப்பிள்ளை அம்மா வன்னியில் காணாமல்போன மகனைத் தேடி, கல்லடியிலுள்ள எங்கள் அலுவலகத்துக்குத் தினமும் வருவார்.

"இண்டைக்கும் நிண்டுட்டும்மா. நாளைக்கு வாங்க."

"சரி பிள்ளை, நாளைக்கு வாறன்" என்று சிரித்தபடி பஸ் ஏறுவார்.

நாலாம் நாள் பிழை அகப்பட்டது. ஒவ்வொரு பெயரையும் வாசிக்க நினைவகத்தில் இடம் எடுத்த நான், பெயர் பொருந்தினால் மட்டும் அந்த இடத்தைத் திருப்பிக் கொடுத்திருந்தேன். பொருந்தாத பெயர்கள் அப்படியே தங்கி நினைவகத்தை நிரப்பின. சுனாமிப் பட்டியல் சின்னது, அதனால் தெரியவில்லை. இப்போதோ லட்சக்கணக்கான பெயர்கள். மடைச்சி, மடைச்சி என்று என்னையே திட்டிக்கொண்டு, திருப்பிக் கொடுக்கும் அந்த ஒரு வரியை இடம் மாற்றினேன்.

நிரல் நிற்காமல் கடைசிப் பெயர்வரை ஓடியது. எனக்குச் சந்தோஷம்கூட வந்தது.

"முடிஞ்சுதா பிள்ளை?"

"ஓம்மா. முழுக்கப் பாத்துட்டு."

"மகன்ட பேர் இரிக்கா?"

"இல்லம்மா."

அவர் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"நேத்து நிண்ட மாதிரியே விட்டிருக்கலாமே, பிள்ளை."