ஐந்தில் வைத்த மூச்சு

யாழ்ப்பாணத்துத் தீவுக் கிராமமான நாரந்தனையில் மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள் என்றால் வீட்டைக் கழுவுவார்கள், திரைச்சீலை மாற்றுவார்கள், அயலில் நல்ல கதிரை இருந்தால் இரவல் வாங்குவார்கள். பிரியவதனி வீட்டில் இவற்றோடு இன்னொன்றும் நடந்தது. தாய் சறோஜினிதேவியின் மூக்கிலிருந்த ஒட்சிசன் குழாயைக் கழற்றி, இயந்திரத்தை அறைக்குள் தள்ளி, மேலே பழைய சேலையொன்றைப் போட்டு மூடினார்கள்.

யோசனை பெரியம்மா செல்லாச்சியுடையது. "குழாயோட கண்டால் பரம்பரை இழுப்பு எண்டு நினைப்பினம். பிறகு ஆர் உன்னைக் கேட்டு வருவினம்?" என்று அவர் கேட்டார். தகப்பன் இல்லாத வீடு. வயதும் முப்பதைத் தாண்டிவிட்டது. பக்கத்து ஊரான சுருவிலிலிருந்து வரவிருந்த மாப்பிள்ளை ஜெகதீஸைப் படத்தில் பார்த்தபோதே அவளுக்குப் பிடித்துவிட்டது. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

உண்மையில் அது பரம்பரை வருத்தமே இல்லை. யாழ்ப்பாணத்து நெஞ்சு டொக்டர் விளக்கமாகச் சொல்லியிருந்தார். சுருட்டையோ சிகரெட்டையோ தொட்டறியாத அந்த மனுசி, காற்றோட்டமில்லாத குசினியில் காய்ந்த பனங் காவோலையும் மட்டையும் எரித்துச் சமைத்தும், நெல் அவித்தும், விற்பனைக்குப் பனங்கிழங்கு அவித்தும் ஆயுள் முழுக்கக் குடித்த புகைதான் சுவாசப்பையைக் கெடுத்திருந்தது. நல்ல காற்று உள்ளே போவதும் குறைவு, கெட்ட காற்று வெளியே வருவதும் குறைவு.

"மெசின் குமிழை ஒண்டில வையுங்கோ. இரவு பகலாய்க் கூடின நேரம் போட்டிருக்கவேணும். எங்களைக் கேளாமல் கூட்டவேண்டாம். கூட்டினால் கெட்ட காத்து உள்ளுக்கை தேங்கி அம்மாவை மயக்கிப்போடும்" என்றார் அவர். பிரியவதனி தலையாட்டினாள். தலையாட்டுவதில் அவளை யாரும் மிஞ்ச முடியாது.

ஆனால் தீவில் வளர்ந்த புத்தி வேறு விதமாக வேலை செய்யும். நாளைக்குத் தண்ணீர் பவுசர் வண்டி வராது என்றால் இன்றைக்கே குடம், வாளி, அண்டா எல்லாவற்றையும் நிரப்பி வைக்கிற ஊர் அது. அம்மா கொஞ்ச நேரம் குழாயில்லாமல் இருக்கவேண்டும், அதற்கு முதலே நிரப்பிவிட்டால் என்ன? விடியவே எழும்பிக் குமிழை ஐந்துக்குத் திருப்பிவிட்டாள். மூச்சென்ன, குடத்துத் தண்ணீரா? அந்தக் கேள்வி அன்று அவளுக்கு வரவேயில்லை.

"தலை இடிக்குது பிள்ளை" என்று சறோஜினிதேவி முனகினார். பிரியவதனிக்குக் கேட்டது. கேட்காத மாதிரி அவருக்குச் சேலை உடுத்திவிட்டாள். கடைசியில் குழாயைக் கழற்றியதும் அவள்தான்.

மாப்பிள்ளை வீட்டார் வந்த வான் வாசல் படலையில் நின்றது. விருந்தாளிகளுக்கு முன்னால் சறோஜினிதேவி கன்னம் சிவந்து, பார்க்க நல்ல வடிவாகவே இருந்தார். ஆனால் கண்கள் சொருகிச் சொருகி விழித்தன.

"என்ன, அம்மா ஒண்டும் கதைக்கிறா இல்லை?" என்று மாப்பிள்ளையின் தாய் கேட்டார்.

"ரெண்டு நாளாய்க் காய்ச்சல்" என்றார் செல்லாச்சி.

"ஓம், காய்ச்சல்தான்" என்றாள் பிரியவதனியும்.

சொல்லி வாய் மூடவில்லை, சறோஜினிதேவியின் தலை ஒரு பக்கம் சரிந்தது. உதடுகள் நாவற்பழ நிறமாகியிருந்தன. ஜெகதீஸ்தான் அவரைத் தூக்கினான். வந்த வானிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினார்கள்.

தாதி விரலில் கருவியை மாட்டிப் பார்த்துவிட்டு, அவசரமாகப் பெரிய ஒட்சிசன் முகமூடியை எடுத்தார். "என்ன நடந்தது?" என்று அங்கிருந்த டொக்டர் கேட்டார்.

"காய்ச்சல் தம்பி" என்று செல்லாச்சி முந்திக்கொண்டார்.

தாதியின் கை ஒட்சிசன் திருகியில் இருந்தது. அதை முழுதாகத் திறந்தால் என்ன ஆகும் என்பது பிரியவதனிக்கு அப்போதுதான் உறைத்தது. முதுகுக்குப் பின்னால் மாப்பிள்ளையின் தாய் நின்றார். சொன்னால் சம்பந்தம் போய்விடும், சொல்லாவிட்டால் அம்மா போய்விடுவார். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? அப்படியிருந்தும் அவள் ஒரு கணம் யோசித்தாள். அந்தக் கணத்தை நினைத்துத்தான் பிறகு அவளை வெட்கம் பிடுங்கித் தின்றது.

"காய்ச்சல் இல்லை டொக்டர். அம்மாவுக்குக் கனகாலமாய்ச் சுவாசப்பை ஏலாது. வீட்டில மெசின் இருக்கு. ஒண்டில வைக்கச் சொன்னவை. நான் காலமை முழுக்க அஞ்சில விட்டனான். பிறகு, இவை வருகினம் எண்டு குழாயைக் கழட்டி ஒளிச்சு வைச்சனான்."

டொக்டர் தாதியின் கையைத் தடுத்தார். "கொஞ்சமாய், பாத்துப் பாத்துக் குடுங்கோ" என்றார். பிறகு மூச்சைத் தள்ளிக்கொடுக்கும் இயந்திரத்தைக் கொண்டுவந்து அதன் மூடியை முகத்தில் இறுக்கிக் கட்டினார்கள். டொக்டர் பிரியவதனியை ஏசவில்லை. ஏசியிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"எங்களுக்காகவே கழட்டினனீர்?" என்றார் மாப்பிள்ளையின் தாய். குரலில் கோபம் இல்லை. பிரியவதனி நிலத்தைப் பார்த்தபடி தலையாட்டினாள். அவர்கள் போகும்போது ஜெகதீஸ் ஒருதரம் திரும்பிப் பார்த்தான். அவன் முகத்தைப் பார்க்க அவளுக்குத் துணிவு வரவில்லை.

பின்னேரம் சறோஜினிதேவி கண் விழித்தார். மகளை அடையாளம் கண்டு மெல்லச் சிரித்தார். அந்த நேரம் பார்த்து வார்ட் வாசலில் யாரோ கதைத்துக்கொண்டு வரும் சத்தம் கேட்டது. சறோஜினிதேவி பதறிப்போய் முகத்து மூடியை இழுக்கத் தொடங்கினார். பிரியவதனி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"விடு பிள்ளை. ஆரோ வருகினம். இதோட கண்டால் உனக்குத்தான் கரைச்சல்."

"வரட்டும் அம்மா. காணட்டும்."

சறோஜினிதேவி நம்பவில்லை. வாசலையே பார்த்தபடி மகளின் விரல்களை விலக்கப் பார்த்தார்.

"கொஞ்ச நேரம் எண்டால் நான் சமாளிப்பன்" என்றார்.