காற்றுத் தொட்டியின் தண்ணீர்

1960 மார்ச் முப்பத்தொன்று. விடிந்தால் திருத்தணி மெட்ராஸ் ராஜ்யம். எத்திராஜின் ஊரான புத்தூர் ஆந்திராவிலேயே இருக்கும்.

கார் பெயிண்டர் எத்திராஜ் கொட்டகைக்குள் குனிந்து, காற்றுத் தொட்டியின் அடியிலிருந்த குழாயைத் திறந்தான். செம்பை நீட்டினான். செம்பு நிறைந்தது.

முந்தின நாள் சாயங்காலம் அதே குழாயைக் கடைசிச் சொட்டு வரை வடித்து மூடியிருந்தான். அதற்குப் பிறகு தொட்டிக்குள் காற்றடிக்கும் மோட்டார் ஓடவில்லை.

பின்னால் அவன் மனைவி செல்லியம்மா நின்றிருந்தாள். திருத்தணிப் பெண். கல்யாணமாகி நான்கு மாதம்.

"இன்னைக்குமா?"

"பாத்துக்கினுதானே இருக்கே."

கொட்டகை வீட்டை ஒட்டியது. உள்ளே டாக்சிக்கார உமாபதியின் பிளஷர் கார் நின்றது. கறுப்பு அடிக்க வேண்டும். இரண்டு தடவை அடித்தான். இரண்டு தடவையும் காய்ந்ததும் வெளுத்தது, கண்ணாடியில் யாரோ வாய் வைத்து ஊதியதுபோல. சுரண்டி எடுத்தான். வண்டி பட்டை பட்டையாக நின்றது.

காரணம் அவனுக்குத் தெரியும். மோட்டார் காற்றை இழுத்துத் தொட்டியில் அமுக்கும்போது காற்றிலுள்ள ஈரமும் சேர்ந்து அமுங்கும். சூடு ஆறினால் தண்ணீராக அடியில் இறங்கும். இறங்காதது பெயிண்ட் பீய்ச்சும் துப்பாக்கி வழியாகப் பெயிண்டோடு போகும். மழைக்காலத்தில் அது சகஜம். இது பங்குனி. ஏரி வெடித்துக் கிடந்தது.

செய்யக்கூடியதைச் செய்திருந்தான். இரும்புக் குழாயைச் சுவரோடு மேலே ஏற்றிக் கீழே இறக்கியிருந்தான், போகிற வழியில் காற்று ஆறட்டும் என்று. துப்பாக்கிக்கு முன்னால் ஒரு கனத்த பித்தளைக் குடுவை. அதில் சுட்ட சுண்ணாம்புக் கல். கல் ஈரத்தைக் குடித்துச் சூடாகி மாவாகும். தரையில் தண்ணீர் தெளிப்பதையும் நிறுத்தியிருந்தான்.

தெளிப்பது தூசி அடங்க. முதல் மனைவி சுலோசனா இருந்தவரை அது அவள் வேலை. உள்சுவரில் தொடங்கி, பின்பக்கமாகவே நடந்து வாசல் வரை தெளிப்பாள். தொட்டியை வடிப்பதும் அவள்தான். டைபாய்டில் போய் ஒன்றரை வருஷம். அதன்பின் எத்திராஜ் பிரஷ்ஷால்தான் வேலை செய்தான். துப்பாக்கியை எடுத்தது இந்தக் காருக்குத்தான். பெயிண்டும் புதுசு. நொடியில் காயும். ஈரம் தாங்காது. சுலோசனா பார்த்திராத பெயிண்ட்.

கார் வந்ததிலிருந்து, காலையில் கதவைத் திறந்தால் தரை நனைந்திருந்தது. விடியலில் வாளியோடு எழுகிறவள் அந்த வீட்டில் ஒருத்திதான்.

"தெளிக்காதேன்னு எத்தினி வாட்டி சொல்றது?"

"நான் வாசலுக்குத்தான் தெளிச்சேன். இதுக்குள்ள எனக்கு இன்னா வேலை? அன்னைக்கு ஒரு நாள் இந்தக் கொழாயை மூடச் சொன்னீங்க, வந்தேன். அதுவும் பீச்சாங்கையிலதான் திரும்புது, சனியன்."

குழாயின் கைப்பிடி இடப்பக்கம் இருந்தது. அப்படிப் பொருத்தியவன் அவன்தான்.

வெயில் ஏறும்போது உமாபதி வந்தார். காரைச் சுற்றி நடந்தார்.

"ஏமய்யா எத்திராஜு, என் வண்டி கறுப்பா வெள்ளையா? ரெண்டு ராஜ்யத்துக்கும் பொதுவா இருக்கட்டும்னு உட்டுட்டியா?"

"இன்னைக்கு முடிச்சுடறேண்ணா."

"நாளைக்கு மாப்ள வூட்டாரை அலிபிரிக்கு ஏத்திக்கினு போவணும். பட்டை போட்ட வண்டியிலயா பெருமாள்கிட்ட போவாங்க?" செல்லியம்மாவைப் பார்த்தார். "புதுப் பொண்டாட்டி வந்த நேரமோ இன்னாவோ."

"நான் வந்த நேரத்துலதான் எதுத்த வூட்டு மாடு கன்னு போட்டுது. வண்டிக்காரர் நேரத்தையும் ஒரு வாட்டி பாத்துக்குங்கண்ணா."

உமாபதி சிரித்துக்கொண்டே போனார். எத்திராஜ் சிரிக்கவில்லை.

"திருப்பதி போய் தின்னர் வாங்கியாறேன். கொட்டாய்க்குப் பூட்டு. திரும்பி வந்து பாக்கறப்ப தரை நனைஞ்சிருந்தா, உன்னைத் திருத்தணி பஸ்ஸுல ஏத்திடுவேன்."

"நாளைக்கு ஏத்துங்க. பொண்டாட்டிய வேற ராஜ்யத்துக்கே அனுப்பிட்டேன்னு சொல்லிக்கலாம்."

அவன் முகத்தைப் பார்த்ததும் அவள் குரல் மாறியது.

"நைனா என்னை வாசப்படி ஏத்த மாட்டாரு. தெரிஞ்சுதான் சொல்றீங்களா?"

"தெரிஞ்சுதான்."

தரையை உலரப் பெருக்கினான். குடுவையில் புதுக் கல் நிரப்பி மூடினான். ஜன்னல் ஆணி அடித்துக் கிடந்தது. கதவைப் பூட்டி, சாவியை அரைஞாணில் முடிந்துகொண்டு பஸ் ஏறினான்.

திரும்பி வரும்போது உச்சி வெயில். செல்லியம்மா சோறு போட்டாள். அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்து பரிமாறினாள். கை கழுவிவிட்டு எழுந்தான். இருவரும் கொட்டகைக்குப் போனார்கள்.

கதவைத் திறந்ததும் ஈர மண் வாசனை அடித்தது.

தரை நனைந்திருந்தது.

காரைச் சுற்றிப் போய்ப் பித்தளைக் குடுவையைத் தொட்டான். சுட்டது. திறந்தான். கல் பூத்து மாவாகியிருந்தது.

வாசலுக்கு வந்தான்.

"துணிய எடுத்து வை."

அவள் நகரவில்லை. தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காலையில தெளிச்சிருந்தா இந்த வெயிலுக்கு இந்நேரம் காஞ்சிருக்கும். இது இப்பத்தான் தெளிச்சது. சாவி உங்க இடுப்புல. நான் இப்ப உங்களுக்குச் சோறு போட்டுக்கினு இருந்தேன்."

"எடுத்து வைன்னேன்."

அவள் கிணற்றடிக்குப் போனாள். ஒரு வாளி இறைத்தாள். கொண்டுவந்து கொட்டகை வாசலில், உள்ளே பார்த்தபடி நின்றாள். வாளி இடது இடுப்பில். வலக்கையால் அள்ளி வீசினாள். பின்பக்கமாக ஓர் அடி வைத்து மறுபடியும் வீசினாள். தினமும் தெளிப்பதுபோலவே தெளித்தாள். ஒவ்வொரு வீச்சிலும் இடப்பக்கம் பெரிய துளிகள் விழுந்தன. வலப்பக்கம் போகப் போகச் சிறுத்துத் தூறலாயின.

வாளியைக் கீழே வைத்தாள்.

உள்ளேயும் வரிவரியாகத்தான் தெளித்திருந்தது, சுவரிலிருந்து வாசல் வரை. பெரிய துளிகள் வலப்பக்கம். இடப்பக்கம் போகப் போகச் சிறுத்திருந்தன.

எத்திராஜ் ஒன்றைப் பார்த்தான், மற்றதைப் பார்த்தான். நிலைப்படி ஓரத்துக் கடைசி வரியில் தண்ணீர் இன்னும் மண்ணில் இறங்கவில்லை. மினுங்கியது.

உள்ளே தொட்டியின் குழாய் சொட்டத் தொடங்கியது.

செல்லியம்மா அவனைப் பார்க்கவில்லை. குழாயின் கைப்பிடியைப் பார்த்தாள்.

"ஏங்க, சுலோசனாக்கா எடது கைக்காரங்களா?"