பதினொரு வயிறும் ஏழாவது அயிட்டமும்

மாலை நான்கு மணிக்குள் குற்றவாளி சிக்காவிட்டால், கேன்டீனுக்குப் பூட்டு.

டீன் அதை மிரட்டலாகச் சொல்லவில்லை. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, மின்விசிறியை நிறுத்தச் சொல்கிற தோரணையில் சொன்னார்.

"நேத்து உங்க டிபார்ட்மென்ட் விருந்துல சாப்பிட்டது இருபத்தாறு பேர். சாயங்காலம் பதினோரு பேருக்கு வாந்தி. சமைச்சது கேன்டீன். இதுல ஆராய்ச்சி பண்ண என்ன இருக்கு?"

"அதைப் பண்ணத்தானே சார் எனக்குச் சம்பளம் குடுக்கறீங்க?" என்றார் பேராசிரியை.

"நாலு மணிக்குக் கையெழுத்துப் போடுவேன். அதுக்குள்ள உங்க கணக்கைக் கொண்டாங்க."

நோய் எங்கே தொடங்கி எப்படிப் பரவுகிறது என்று துப்புத் துலக்குவதும், அதையே பாடமாக நடத்துவதும்தான் இருபத்திரண்டு வருடங்களாக அவர் தொழில். மாணவர்கள் வைத்த பெயர் 'சி.ஐ.டி. மேடம்'. தெரியாததுபோல் நடந்துகொள்வார். உள்ளுக்குள் குஷிதான்.

படிக்கட்டின் கீழே கேன்டீன் அக்கா காத்திருந்தார். முந்தானையை முறுக்கி முறுக்கிக் கயிறாக்கியிருந்தார்.

"என்னம்மா சொன்னாரு?"

"நாலு மணி வரைக்கும் டைம் இருக்குக்கா."

"இத்தனை வருஷத்துல என் கையால சாப்பிட்டு யாருக்காவது வயித்தைக் கலக்கியிருக்கா? நீங்களே சொல்லுங்க."

"எனக்குத் தெரியும். ஆனா எனக்குத் தெரியும்னு டீன்கிட்ட சொன்னா எடுபடாது. எண்ணிக்கை வேணும்."

"எண்ணுங்க. கரண்டி வரைக்கும் எண்ணுங்க. நான் என்ன ஓடியா போறேன்?"

ஆய்வேடு எழுதிய காலத்தில், பேராசிரியை மூன்று மணிக்கு ஓடி வந்தாலும் அவருக்கென்று மூடிவைத்த ஒரு தட்டு இருக்கும். 'முதல்ல சாப்பிடு. அப்புறம் போய் உலகத்தைக் காப்பாத்து' என்பார் அக்கா. அந்த அக்காவுக்கா பூட்டு?

பத்து மணி வகுப்பில் பாடப்புத்தகத்தை மூடச் சொன்னார். "இன்னிக்கு நிஜக் கேஸ்."

கேன்டீன் பில்லைப் பார்த்துப் படிவம் தயாரானது. சூப், சாதம், கோழி, காய்கறி, சாலட், கஸ்டர்ட். ஆறு அயிட்டம். ஒவ்வொன்றுக்கும் எதிரே 'சாப்பிட்டேன்', 'இல்லை' என்று இரண்டு கட்டம்.

"நல்லா இருக்கறவங்களையும் விடாதீங்க. படுத்தவங்களை மட்டும் கேட்டா பாதிக் கதைதான் கிடைக்கும். அதே விருந்துல இருந்தும் ஒருத்தருக்கு ஏன் ஒண்ணும் ஆகல? மீதிக் கதை அவர்கிட்டதான்."

பன்னிரண்டு மாணவர்கள் நாலா பக்கமும் பறந்தார்கள். படுத்திருந்தவர்களைப் போனில் பிடித்தார்கள். எல்லோரும் தேறி, வெறும் கஞ்சியும் அலுப்புமாக இருந்தார்கள்.

இரண்டு மணி. கரும்பலகை நிறைந்துவிட்டது.

கஸ்டர்ட்: படுத்த பதினோரு பேரில் ஒன்பது பேர் சாப்பிட்டிருந்தார்கள். நன்றாக இருக்கும் பதினைந்து பேரில் பன்னிரண்டு. கோழியும் அதே லட்சணம். சூப்பும் அப்படித்தான். ஆறு அயிட்டமும் 'நான் இல்லை, நான் இல்லை' என்று கைகட்டி நின்றன.

முன் வரிசையில் ஒரு கை உயர்ந்தது. வாய் திறந்தால் கேள்விதான் என்பதால் 'சந்தேகம்' என்றே அழைக்கப்படும் மாணவி.

"மேடம், எதுவுமே காரணம் இல்லன்னா பதினோரு பேரும் ஆசைப்பட்டா வாந்தி எடுத்தாங்க? டீன் கேப்பாரே?"

கேட்பார். கேட்டுவிட்டுக் கையெழுத்தும் போடுவார்.

அப்போதுதான் கதவு தட்டப்பட்டது. கேட் வாட்ச்மேன். முகம் வெளிறி, தொப்பி கையில்.

"யாருக்கெல்லாம் வாந்தின்னு கணக்கெடுக்கறீங்களாம். என்னையும் சேத்துக்கோங்க மேடம். நேத்து அஞ்சு மணிலேர்ந்து ஒரே அக்கப்போர்."

"நீங்க விருந்துக்கே வரலையே அண்ணே!"

வகுப்பு நிமிர்ந்தது. கணக்கில் பொருந்தாத ஆள் வந்தால் அவரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் என்று வருடா வருடம் சொல்கிறவர் பேராசிரியை. நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"நேத்து என்ன சாப்பிட்டீங்க?"

"வீட்ல கட்டிக் குடுத்த ரொட்டி."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல... நீங்க குடுத்தீங்களே மேடம், விருந்து முடிஞ்சதும். பாட்டில்ல அந்த வெள்ளை சாஸ். ரொட்டில தடவி வழிச்சு நக்கிட்டேன். சும்மா சொல்லக் கூடாது, அமிர்தம்!"

பேராசிரியையின் கையிலிருந்த சாக்பீஸ் உடைந்தது.

அவர் கணவர் ஓய்வு பெற்றதும் கரண்டியைக் கையில் எடுத்தவர். க்ரீமும் பூண்டும் அடித்து வாராவாரம் ஒரு பெரிய பாட்டில் சாஸ். பேராசிரியைக்குப் பூண்டு வாடையே ஆகாது. ஆனால் அந்த மனுஷன் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல முடியுமா? 'பிரமாதம்' என்று வாங்கிக்கொண்டு யார் தலையிலாவது கட்டிவிடுவார். நேற்றைய தலைகள், விருந்துக்கு வந்தவை.

காலை எட்டு மணியிலிருந்து ஒரு மணி வரை அந்தப் பாட்டில் எங்கே இருந்தது? காரில். கண்ணாடி ஏற்றிய காரில். கொளுத்தும் வெயிலில்.

"மேடம், அந்த சாஸ் நம்ம படிவத்துலயே இல்லையே?" சந்தேகம் விடவில்லை. "யார் கொண்டு வந்தது?"

ஜன்னலுக்குக் கீழே, கேன்டீன் வாசலில், அக்கா ஏற்கெனவே பளபளத்த பாத்திரங்களை மறுபடி தேய்த்துக்கொண்டிருந்தார்.

பேராசிரியை பலகையில் ஏழாவதாக எழுதினார்: சாஸ். பக்கத்திலேயே: கொண்டுவந்தவர், நான்.

"கேக்காத கேள்விக்குப் பதில் வராது. கேன்டீன் பில்லைப் பார்த்துப் படிவம் போட்டேன். என் பாட்டில் பில்லுல இல்ல, அதனால என் கண்ணுலயும் படல. சாப்பிட்ட மூணு நாலு மணி நேரத்துலயே வாந்தின்னா, கிருமி வயித்துல வளரல. சாஸ்லயே வளர்ந்து விஷத்தைக் கக்கியிருக்கு. இருபத்தாறு பேருக்கும் ஒரே கேள்வி. ஓடுங்க!"

"பாட்டில் வேணுமா மேடம்?" என்றார் வாட்ச்மேன் ஆர்வமாக. "சுத்தமாக் கழுவி வச்சிருக்கேன்."

"சாட்சியைக் குளிப்பாட்டிட்டீங்களே அண்ணே!"

மூன்று நாற்பது. படுத்த பதினோரு பேரும் சாஸ் சாப்பிட்டிருந்தார்கள், ஒருவர் பாக்கியில்லாமல். நன்றாக இருந்த பதினைந்து பேரில் ஒரே ஒருவர், அதுவும் விரல் நுனியில் தொட்டு.

மூன்று ஐம்பத்தைந்துக்கு டீன் தாளைப் படித்தார். கடைசி வரியில் பேனா நின்றது.

"கொண்டுவந்தவர் யாருன்னு எழுதியே ஆகணுமா? நாம பேசி..."

"எழுதாம விட்டதாலதான் சார் மத்தியானம் வரைக்கும் சுத்தினோம்."

டீன் கேன்டீன் உத்தரவை நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டார். "நல்லவேளை, நான் தப்பிச்சேன். எனக்குப் பூண்டு ஆகாது."

"எனக்கும்தான் சார்."

கேன்டீன் அக்கா விஷயத்தைக் கேட்டதும் ஒரு மூச்சு அழுதார். அடுத்த மூச்சில் இடுப்பில் கை வைத்தார். "என் சமையலுக்கு எதுக்கும்மா சாஸு? உப்பு குறைஞ்சுதா, காரம் குறைஞ்சுதா? இனிமே வெளியிலேர்ந்து ஒரு துரும்பு உள்ள வரட்டும், பாத்துக்கறேன்!" திட்டிக்கொண்டே ஒரு தட்டை முன்னால் தள்ளினார். மூடிவைத்த தட்டு. பேராசிரியை காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் அவருக்கே நினைவுக்கு வந்தது.

வீட்டில் கணவர் வாசலுக்கே வந்துவிட்டார். "பாட்டில் காலியா? எல்லாருக்கும் பிடிச்சுதாம்மா?"

வாட்ச்மேன் கழுவிக் கொடுத்த பாட்டிலைப் பேராசிரியை மேஜையில் வைத்தார். மூடியில் கணவரின் கையெழுத்து: 'உடனே ஃப்ரிட்ஜில் வைக்கவும்.'

"கட்டைவிரல்ல என்னங்க பிளாஸ்திரி?"

"பூண்டு நறுக்கும்போது கீறிடுச்சு. அதை விடு. ஃப்ரிட்ஜ்ல வச்சியா?"

"கார்ல வச்சேன்."

விரல் கீறலிலிருந்து சாஸுக்குக் கிருமி போயிருக்கும், கார் சூட்டில் பெருகியிருக்கும் என்று பேராசிரியை எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். கணவர் விரலைப் பார்த்தார், மூடியைப் பார்த்தார். "ஆளுக்குப் பாதித் தப்பு" என்று தீர்ப்புச் சொன்னார். தீர்ப்புச் சொன்னவர் புருவத்தைச் சுருக்கினார்.

"அது சரி. ஒவ்வொரு வாரமும் பிரமாதம் பிரமாதம்னு சாப்பிடுவியே... உனக்கு மட்டும் ஏன் ஒண்ணும் ஆகல?"

இருபத்திரண்டு வருடங்களாகத் தான் சொல்லிக்கொடுக்கும் கேள்வி, தன் வீட்டுக் கூடத்தில் தன்னையே மடக்கும் என்று சி.ஐ.டி. மேடம் எதிர்பார்க்கவில்லை.

"எத்தனை பாட்டிலை இப்படி அடுத்தவங்களுக்குத் தள்ளிவிட்டே?" என்றார் கணவர்.

"ஒன்பது."

கணவர் விருட்டென்று உள்ளே போனார். போச்சு, இன்றைக்கு முகம் கொடுத்துப் பேசமாட்டார் என்று பேராசிரியை நினைத்தபோது, ஒரு தாளும் பென்சிலுமாகத் திரும்பி வந்து எதிரே உட்கார்ந்தார். ஸ்கேல் வைத்து இரண்டு கட்டம் போட்டார்.

"பிடிக்கும், பிடிக்காது. உண்மையைச் சொல்லணும். ஒண்ணு, பூண்டு?"

"பிடிக்காது."

"ரெண்டு, நான் சமைக்கறது?"

"அதுக்கு எதுக்குங்க கட்டம்?" என்று பென்சிலைப் பிடுங்கி, முதல் கட்டத்தில் டிக் அடித்தார்.