பீப்பாய்க்குக் கீழே

கொட்டாஞ்சேனை வீட்டை விற்றுவிட்டுக் கல்கிசைக்குப் போகவேண்டும் என்று இருபத்திரண்டு வருஷமாக என் கணவர் ராசிக்கின் உயிரை வாங்கியவள் நான்தான். கடைசியில் ஆள் கிடைத்தது. வாங்குகிறவர் வீட்டை இடித்து மாடி கட்டப்போகிறார். நிலத்துக்கு அடியில் பழைய கட்டடம் எதுவும் இல்லை என்று நாங்கள் எழுதிக் கொடுக்கவேண்டும். இருந்தால் தொல்பொருள் ஆட்கள் வருவார்கள், விற்பனை நின்றுபோகும். கடல் தெரிகிற பால்கனியோடு ஒரு ஃபிளாட்டை நான் ஏற்கெனவே பார்த்து வைத்திருந்தேன்.

சமைக்கிற குசினிக்குப் பின்னால் ஒரு கற்பலகை. அதற்குக் கீழே பழைய கக்கூஸ் குழி என்று ராசிக்கின் தாயான மாமி சொன்னார், நானும் நம்பினேன். அதன்மேல்தான் என் நீலப் பீப்பாய் நின்றது. தண்ணீர் வெட்டு நாட்களில் தண்ணீர் பவுசர் லொறி வரும். வரிசையில் நின்று, சண்டை பிடித்து, வாளி வாளியாகச் சுமந்து வந்து அதை நிரப்புவேன்.

புரோக்கர் ஸியாம் கையெழுத்துக்குப் பேப்பரோடு வந்த காலையில், “கல்லுக்குக் கீழ பாத்துட்டுக் கையெழுத்து வைப்பம்” என்றார் ராசிக். பொய் எழுத அவருக்குக் கை வராது. பீப்பாயை உருட்டிவிட்டு, இரண்டு கூலியாட்கள் பலகையை நெம்பினார்கள். நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன். நாற்றம் வரவில்லை, குளிர்ந்த காற்றுத்தான் வந்தது. உள்ளே கருங்கல் படிகள் இறங்கின.

கொஞ்சநேரம் காற்றுப் போகவிட்டு, டோர்ச்சோடு அவர் முன்னால் இறங்கினார். நான் அவருடைய சட்டையைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். பதினேழு படி. டோர்ச்சை உயர்த்தியதும் இருவருமே நின்றுவிட்டோம். செங்கல் தூண்கள், தூணுக்குத் தூண் வளைவுகள், வெளிச்சம் எட்டாத தூரம்வரை. அவரைத் தாண்டி, அடுத்த படி காய்ந்திருக்கிறது என்று நினைத்துக் காலை வைத்தேன், கணுக்கால் வரை நனைந்தது. அவ்வளவு தெளிந்த தண்ணீர். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இந்தத் தண்ணீர் மண்டபத்தை யார் கட்டினார்களோ, எத்தனை நூறு வருஷமோ. நான் வாளி சுமந்த காலமெல்லாம் இது என் காலடியில் கிடந்திருக்கிறது. வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. ராசிக் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மேலிருந்து ஸியாமின் குரல் கேட்டது. “ஆன்ட்டி, கக்கூஸ் குழிதானே? அப்பிடியே எழுதவா? வாங்குறவங்க நாளைக்கே கொங்கிறீட் ஊத்தி மூடிருவாங்க.”

“நீங்கதான் சொல்லணும்” என்பதுபோல் ராசிக் டோர்ச்சைத் தாழ்த்தினார்.

ஆமாம் என்று ஒரு சொல் போதும், கல்கிசை என்னுடையது. பால்கனி கண்ணுக்குள் வந்துபோனது. குனிந்து இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி முகத்தைக் கழுவினேன்.

“ஒண்டும் எழுத வேணாம் ஸியாம்” என்றேன். “சப்பாத்தக் கழட்டிட்டு கீழ இறங்கி வாங்க.”