கையெழுத்து போட ஓர் ஆள்

தான் தைத்துக்கொண்டிருந்த ஆயத்த ஆடைக் கம்பெனியை இழுத்து மூடிய பிறகுதான் அவள் கேஸ் குழாய் மாட்டும் வேலை படிக்கப் போனாள். வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். மற்றவர்கள் பள்ளிக்கூடம் முடித்த கையோடு வந்த பையன்கள். தையல் மிஷினிலிருந்து எழுந்து வந்தவள் என்று தெரிந்ததும் ‘ஊசி’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். செம்புக் குழாயை நசுங்காமல் வளைப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று தெரிந்த பிறகு அது ‘ஊசியக்கா’ ஆனது.

பையன்களுக்கு வழி நேராக இருந்தது. ஏதாவது கம்பெனியில் அப்ரண்டிஸாகச் சேர்ந்து, சம்பளமும் வாங்கிக்கொண்டு, சில வருஷத்தில் லைசென்ஸ் எடுத்துவிடலாம். நாற்பதை நெருங்குகிறவளை யார் அப்ரண்டிஸாக எடுப்பார்கள்? அவளுக்கு மிச்சமிருந்தது சுற்று வழி. வகுப்பை முடித்துவிட்டு, லைசென்ஸ் உள்ள ஒருவரிடம் கையாளாக நிற்க வேண்டும். அடுப்பு, குளிருக்கு வீட்டைச் சூடாக்கும் பாய்லர், குழாய் என்று எல்லா வகை வேலையையும் அவர் கண் முன்னால் செய்து, ஒவ்வொன்றுக்கும் அவர் கையெழுத்தை வாங்கி ஃபைலில் சேர்க்க வேண்டும். அது நிறைந்தால்தான் கடைசிப் பரீட்சை.

ஆள் தேடி நாயாய் அலைந்தாள். “பொம்பளைய வேன்ல ஏத்திக்கிட்டுச் சுத்தினா என் வீட்டுல என்னை உள்ளயே விடமாட்டாங்கம்மா” என்று ஒருவர் சிரித்தார். இன்னொருவர் ஒளிவுமறைவில்லாமல், “உனக்கு நான் தொழில் காட்டிக் குடுத்தா, நாளைக்கு நீயே எனக்குப் போட்டியா வந்து நிப்பே” என்றார். கடைசியில் அக்காதான் தன் கணவரிடம் பேசினாள். ஊசி அப்போது அக்கா வீட்டு மாடி அறையில்தான் இருந்தாள்.

மாமா இருபது வருஷமாக லைசென்ஸ் வைத்திருப்பவர். வாயைத் திறந்தால் சிரிப்புதான். “என் மச்சினிச்சி வந்திருக்கா, இனிமே பைப் எல்லாம் தச்சுதான் மாட்டுவோம்” என்று போகிற வீட்டிலெல்லாம் சொல்வார். அந்த ஜோக்குக்கு அவளைத் தவிர எல்லோரும் சிரித்தார்கள். அவள் வேலைக்குச் சம்பளம் என்று எதுவும் இல்லை. கையெழுத்துதான் சம்பளம். பல்லைக் கடித்துக்கொண்டு கற்றாள். இரண்டாவது குளிர்காலம் முடிவதற்குள் ஃபைல் கனத்துவிட்டது. சிக்கலான பாய்லர் வேலைகள் சிலதுதான் பாக்கி.

போகப் போக ஒன்று அவள் கண்ணில் உறுத்தியது. மாமா வேலையில் கெட்டிக்காரர்தான், ஆனால் சோதனை என்றால் அவருக்குக் கசக்கும். குழாயில் கசிவு பார்க்கிற கேஜை வேனிலேயே விட்டுவிடுவார். புகையை அளக்கிற கருவிக்கு என்றைக்கும் பேட்டரி இருக்காது.

“மூடியைக் கழட்டிப் பாக்கலையா மாமா?” என்று ஒரு நாள் கேட்டாள். மாடி வீடு ஒன்றில் பாய்லரைச் சர்வீஸ் செய்ய வந்திருந்தார்கள்.

“சத்தத்தைக் கேட்டாலே எனக்குத் தெரியும். வாத்தியார் சொன்னதெல்லாம் பரீட்சைக்கு. இது தொழில்.” சர்டிபிகேட்டை எழுதி வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டார்.

சில வாரம் கழித்து, அந்த வீட்டில் மறந்துவிட்டு வந்த ஸ்பேனரை எடுக்க அவள் தனியாகப் போனாள். கதவைத் திறந்தது அங்கே வாடகைக்கு இருந்த நர்ஸ். இரவு டூட்டி பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவள். கண் சிவந்து, முகம் வெளுத்து நின்றாள்.

“உடம்பு சரியில்லையா?”

“ரெண்டு வாரமா தலை வெடிக்குது. எந்திரிச்சா குமட்டுது. ஆஸ்பத்திரிக்குப் போனா சரியாயிடுது, வீட்டுக்கு வந்தா மறுபடியும் ஆரம்பிச்சிடுது.”

ஊசி நேராக உள்ளே போனாள். பாய்லர் இருந்த அலமாரி நர்ஸின் கட்டிலுக்குத் தலைமாட்டில். திறந்து பார்த்தாள். மூடியின் விளிம்பெல்லாம் கரி படிந்திருந்தது. புகைக்குழாய் பாய்லரை விட்டு விலகி, இடைவெளியில் விரல் நுழைந்தது. வெளியே போக வேண்டிய விஷப்புகை அறைக்குள் வந்துகொண்டிருந்தது. கேஸை மூடினாள், ஜன்னல்களைத் திறந்தாள், நர்ஸைக் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்து வந்தாள். பிறகுதான் மாமாவுக்கு போன் போட்டாள்.

“லைசென்ஸ் இல்லாதவ அதுல கை வைக்காதே” என்றார் மாமா. முதல் தடவையாக அந்தக் குரலில் சிரிப்பு இல்லை. “மூடினது மூடினதாவே இருக்கட்டும். நாளைக்கு நானே போய்ப் பாத்துக்கறேன். யார்கிட்டயும் வாயத் திறக்காதே.”

மறுநாள் அவர் போனார். அன்று சாயங்காலமே நர்ஸிடமிருந்து போன் வந்தது. “உங்க மாமா வந்து ஏதோ பசை பூசிட்டுப் போனாரு. பாய்லர் ஓடுது. ஆனா எனக்கு மறுபடியும் தலை சுத்துதே?”

“அணைச்சிட்டு வெளிய போயிடுங்க. இன்னிக்கு அங்க தூங்காதீங்க.”

போனைக் கையில் வைத்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். கீழே அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். மாமா தொலைக்காட்சியைப் பார்த்துச் சிரிக்கும் சத்தம் கேட்டது. கையெழுத்து பாக்கியிருந்த வேலைகள் மனதில் வந்தன. அதையும் மறைப்பதற்கில்லை, அவற்றைத்தான் முதலில் நினைத்தாள். அப்புறம் நர்ஸின் வெளுத்த முகம் வந்தது. லைசென்ஸ் அலுவலகத்தின் அவசர எண்ணை அழுத்தினாள்.

இன்ஸ்பெக்டர் பாய்லரைப் பூட்டி சீல் வைத்தார். அதோடு நிற்கவில்லை. மாமா அந்த வருஷம் செய்த வேலைகளில் கைக்கு வந்ததை எடுத்துப் பார்த்தார்கள், அதிலும் சில ஓட்டைகள் வெளியே வந்தன. லைசென்ஸை நிறுத்தி வைத்தார்கள்.

சில நாள் கழித்து ஊசியை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். கண்ணாடி போட்ட அதிகாரி அவள் ஃபைலைப் புரட்டினார்.

“நீங்க பண்ணது பெரிய விஷயம்மா. ஒரு உயிரைக் காப்பாத்தியிருக்கீங்க.”

“சார், என் ஃபைல்?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “எல்லாத்துலயும் அவர் கையெழுத்துதானே இருக்கு? அவர் மேற்பார்வையே சரியில்லன்னு நாங்களே சொல்லிட்டோம். அதை வச்சு உங்களுக்கு எப்படி அனுபவம்னு கணக்குல எடுக்க முடியும்? வேற ஒருத்தர்கிட்ட முதல்லேருந்து ஆரம்பிங்க.”

“வேலை செஞ்சது நான்தானே சார்? கூப்பிட்டுச் சோதிச்சுப் பாருங்க.”

“விதி அப்படிம்மா.”

வீட்டுக்கு வந்தபோது அவள் பெட்டி மாடியிலிருந்து இறங்கி வாசலருகே நின்றது. அக்கா அழுது முடித்திருந்தாள்.

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? நான் அவரைச் சரி பண்ணியிருப்பேனே. கூடவே இருந்து குழி பறிச்சிட்டியேடி.”

“அந்தப் பொண்ணு செத்திருப்பாக்கா.”

“சாகலையே?” என்றாள் அக்கா.

ஊசி பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள்.

நர்ஸ் ஒரு தரம் போன் செய்தாள். தலைவலி போய்விட்டதாம். ஆனால் புகார் அது இதென்று தொல்லை கொடுக்கிற ஆள் வேண்டாம் என்று வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லிவிட்டாராம். “உங்களுக்கு நன்றி சொல்லத்தான் கூப்பிட்டேன்” என்றாள். அந்த நன்றி சலிப்போடுதான் வந்தது.

ஊசி மறுபடி ஆள் தேடினாள். முன்பு பொம்பளை என்று தட்டிக்கழித்தவர்களுக்கு இப்போது அதைவிட நல்ல காரணம் கிடைத்திருந்தது. சொந்த மாமாவையே காட்டிக்கொடுத்தவளை யார் வேனில் ஏற்றுவார்கள்? ஒருவர் மட்டும், “நீ செஞ்சது நியாயம்தான், யாரும் இல்லன்னு சொல்லமாட்டான்” என்றார். அதைச் சொல்லிக்கொண்டே கதவைச் சாத்தினார். கடைசியில் பாய்லர் உதிரிபாகம் விற்கும் கடையில் கவுண்டர் வேலைக்குச் சேர்ந்தாள். காலையில் வரிசையில் நிற்கிறவர்களில் பாதிப்பேர் அவளோடு படித்த பையன்கள். லைசென்ஸ் அட்டை கழுத்தில் தொங்க, “ஊசியக்கா, சீக்கிரம்!” என்பார்கள். எந்த பாய்லருக்கு எந்த வாஷர் என்று அவளிடம்தான் கேட்டுக்கொண்டு போவார்கள்.

அடுத்த குளிர் தொடங்கியபோது மாமாவுக்கு லைசென்ஸ் திரும்பக் கிடைத்துவிட்டது. அபராதத்தைக் கட்டி, மறுபயிற்சி என்று ஒரு வாரம் வகுப்பில் உட்கார்ந்து எழுந்தார், அவ்வளவுதான். ஏற்கெனவே லைசென்ஸ் உள்ளவர் என்பதால் அவர் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லையாம்.

அந்த வாரமே கடைக்கு வந்தார். வரிசையில் நின்று கவுண்டருக்கு வந்த பிறகுதான் அவளைப் பார்த்தார். கொஞ்சம் இளைத்திருந்தார்.

“அக்கா எப்படி இருக்கா மாமா?”

அவர் அவள் தலைக்கு மேலே இருந்த அலமாரியைப் பார்த்துக்கொண்டு, “இங்க வேற ஆள் இல்லையா?” என்று கேட்டார்.

“சாப்பிடப் போயிருக்காங்க.”

“அப்ப வரட்டும்” என்று சொல்லிவிட்டு ஒதுங்கி நின்றார். ஊசி அவருக்குப் பின்னால் நின்றவரைக் கூப்பிட்டு என்ன வேண்டும் என்று கேட்டாள்.