வீட்டை இறக்கிய லாரிப்பட்டை

சிவகாசிக்கு வடக்கே, பட்டாசுக் கம்பெனி வேன்கள் திரும்பும் முக்கில், மாரிச்செல்வியின் வீட்டை ஒரு சீமைக்கருவேல மரம் பனை உயரத்துக்குத் தூக்கிவிட்டது. ஆவணி மழைக்கு மறுநாள் அது நடந்தது. சுவர் கீறவில்லை, அடுப்பில் கொதித்த உலை சிந்தவில்லை. கரண்ட் வயர் மட்டும் பத்தாமல் போக, கரண்ட் ஆபீஸ் ஆட்கள் வந்து கூடுதலாக ஒரு சுருள் இழுத்துக் கொடுத்தார்கள். மேலே இருப்பது மாரிச்செல்விக்குப் பிடித்தே இருந்தது. ஆனால் அவள் புருஷன் முனியராஜுக்கு ஏணியைப் பார்த்தாலே தலை சுற்றும். ஆலங்குளத்தில் அக்கா வீட்டுக்குப் போனவன், "வீடு எறங்கட்டும், வாரேன்" என்று போனில் சொன்னான். ஒரு மாதத்தில் அவன் குரலில் அக்கா வைக்கும் குழம்பின் திருப்தி ஏறிவிட்டது. இன்னும் ஒரு மாதம் போனால் அங்கேயே வேர் விட்டுவிடுவான் என்று அவளுக்குப் பட்டது.

கடையில் வாங்கிய கோடாலிகள் அந்த மரத்தில் பட்டதும் வாய் மழுங்கின. வீட்டுக்காரி தன் கையால் காய்ச்சி அடித்த கோடாலிதான் ஏறும் என்று ஊரில் பேச்சு. முதலில் சொன்னது யாரென்று தெரியாது, யாரும் மறுக்கவும் இல்லை.

விருதுநகரில் பழைய இரும்புக் கடையோடு பட்டறையும் வைத்திருந்த ஒச்சப்பனிடம் கோடாலிக்கு இரும்பு தேடிப் போனாள். அங்கே கிடந்த தண்டவாளத் துண்டை அவளால் அசைக்கவே முடியவில்லை. மற்ற இரும்புகளை, பொறியைப் பார்த்துத் தரம் தெரிந்துகொள்ளட்டும் என்று, அவர் சாணைக்கல்லில் வைத்துக் காட்டினார். ஏதோ லாரிக்கு அடியில் பாரம் தாங்கிக் கழன்ற வில்லுப்பட்டை பொறிப்பூவாய்ச் சீறியது. மாரிச்செல்வி தெருவுக்கே ஓடிவிட்டாள். பட்டாசுக் கம்பெனியின் மருந்து அறையில் வேலை பார்க்கிறவள். கொண்டை ஊசியைக்கூட கேட்டில் கழற்றிவைத்துவிட்டு, பித்தளையும் மரமுமாகப் புழங்குகிறவள். பொறி விடாததுதான் நல்ல சாமான் என்பது மூச்சைப் போல அவளுக்குள் பழகியிருந்தது. பழைய கதவிலிருந்து அறுத்த துண்டொன்று நாலு பொறிக்கோடு இழுத்து அடங்கியது.

"இதான் குணமான இரும்பு, அண்ணாச்சி."

"குணம் பாக்க நீ பொண்ணா எடுக்கப் போற? பச்சிரும்பு தாயி, கூர் நிக்காது."

அவள் கேட்கவில்லை. அவருடைய உலையிலேயே காய்ச்சி, அடித்து, காம்புக்குக் கண் வைத்து எடுத்து வந்தாள். முதல் வெட்டிலேயே கோடாலி தலை குனிந்தது.

"ஏளா, மரத்தைக் கும்புடுது ஒன் கோடாலி. சூடத்தைப் பொருத்து," என்றாள் பக்கத்து வீட்டு வெள்ளைத்தாய்.

மாரிச்செல்வி அந்த வளைவையே பார்த்திருந்தாள். அடங்கிப்போவதை நல்ல குணமென்று நாம் இரும்பில் மட்டுமா பொறுக்கியிருக்கிறோம் என்று தோன்றியது. தோன்றியதும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

அடுத்த ஞாயிறு ஒச்சப்பனின் சாணைக்கல்லில் அவளே வைத்துப் பார்த்தாள். பழைய அரம் கல்லை விட்டு விலகுமுன்னே படபடவென்று வெடித்தது. "இவன் அவசரக்காரன், வாய் தெறிச்சிரும்," என்று ஒதுக்கினாள். லாரிப்பட்டையின் பொறி தூரம் போய், நிதானமாகக் கிளைவிட்டுப் பூத்தது. மருந்து அளவாகக் கெட்டித்த பூச்சட்டி இப்படித்தான் பூக்கும், அவளுக்குத் தெரியாதா? கால் தெருப்பக்கம் திரும்பியது. அதை இழுத்து நிறுத்திக்கொண்டு இன்னொரு தடவை வைத்தாள், பிறகு இன்னொரு தடவை. பொறிகள் அணையாமல் அவள் தலைமுடியில் தங்கின. பஸ்ஸில் கண்டக்டர், "சன்னல் ஓரமா உக்காருங்கக்கா," என்றதோடு சரி. திங்கட்கிழமை கம்பெனி வேன் வருமுன் எல்லாம் உதிர்ந்துவிட்டன.

லாரிப்பட்டையில் அவள் அடித்த புதுக் கோடாலி மரத்தில் ஏறியது. வெட்டுக்கு ஒரு சாணாக வீடு இறங்கியது, உள்ளே பாத்திரங்கள் குலுங்கின, வெள்ளைத்தாய் கீழே நின்று, "இன்னும், இன்னும்," என்று வழி சொன்னாள். வாசற்படி இடுப்பளவுக்கு வந்தபோது மாரிச்செல்வி நிறுத்திவிட்டாள்.

முனியராஜ் பையோடு வந்து நின்றான். "இன்னும் நாலு வெட்டுதான?"

"இம்புட்டுத்தான். இங்கன காத்து நல்லாருக்கு. ஏறி வாங்க."

அவன் கோடாலியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். பையை முதலில் உள்ளே தள்ளிவிட்டு, முட்டியை ஊன்றி ஏறினான்.

வீடு இப்போதும் அந்த உயரத்தில்தான் இருக்கிறது. கேஸ் சிலிண்டர் போட வருகிறவர், அந்தத் தெருவிலேயே குனியாமல் இறக்க முடிகிற ஒரே வீடு அதுதான் என்கிறார்.