வெட்டியெடுத்த மூச்சு

ஆளில்லாத வீட்டின் சத்தத்தைப் பதிவுசெய்து வரச் சொல்லியிருந்தார் மெலனி. நாடகங்களுக்கு ஒலி அமைக்கக் கற்பிக்கும் ஆசிரியை அவர். நிருஷா, லாசால் பகுதியிலிருந்த தங்கள் வீட்டின் கூடத்தில் கருவியை ஓடவிட்டுப் பால் வாங்கக் கடைக்குப் போனாள். அம்மா வேலையில். உள்ளறையில் அப்பா படுத்திருந்ததை அவள் நினைக்கவேயில்லை. துறைமுகக் கிடங்கு வேலையில் நெஞ்சு பழுதானதிலிருந்து அவர் வீட்டுச் சாமான்களில் ஒன்றாகியிருந்தார்.

வகுப்பில் போட்டபோது, ஃபிரிட்ஜின் முனகலுக்குப் பின்னால் அவருடைய மூச்சு இழுத்து இழுத்து வந்தது. “இந்த வீட்டுக்கு உயிர் இருக்கிறது” என்று மெலனி வியந்தார். இறுதியாண்டு நாடகத்தில், கிழவி ஒருத்தி காத்திருக்கும் காட்சிக்கு அதையே வைக்கச் சொன்னார். நிருஷா சீரான ஒரு துண்டை வெட்டி, முனையோடு முனை பொருத்திச் சுற்றவிட்டாள். மிச்சத்தை அழித்தாள். கருவியில் அடுத்த பதிவுக்கு இடம் வேண்டியிருந்தது.

ஒத்திகைகள் முடியுமுன் அப்பா போய்விட்டார். அவருடைய முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்த வாரத்தில் நாடகம். அம்மா தானும் வருவதாகச் சொன்னாள். அந்த மூச்சைப் பற்றி அம்மாவிடம் நிருஷா எதையும் சொல்லியிருக்கவில்லை.

“பிரெஞ்சு நாடகம் அம்மா. உங்களுக்கு விளங்காது.”

“கொப்பர் இருந்தா வந்திருப்பார். அவருக்கு மட்டும் விளங்கிக் கிழிச்சிருக்குமோ?”

அரங்கின் பின்வரிசையில், ஒலிப்பலகைக்கு முன்னால் நிருஷா இருந்தாள். மூச்சு எழுந்ததும் அம்மாவின் தலை நிமிர்ந்தது. மேடையைப் பாராமல் சுவரின் மேலிருந்த ஸ்பீக்கரையே அம்மா பார்த்தாள். கிழவி கதவைச் சாத்தும்போது மூச்சு கொஞ்சங்கொஞ்சமாக அடங்க வேண்டும். நிருஷாவின் விரல் பிசிறில்லாமல் அதை அடக்கியது. அவ்வளவு நன்றாகச் செய்த அந்த விரலைப் பார்க்கவே அவளுக்குக் கூசியது.

வெளியே அம்மா கோட்டும் கையுமாக நின்றாள்.

“அப்பான்ர மூச்சுத்தானே?”

“ஓம்.”

ஏச்சு விழும் என்று நிருஷா காத்திருந்தாள். விழவில்லை.

“என்ர போனில போட்டுத் தா பிள்ளை. ஆனா ஒரு மூச்சுத்தான் திரும்பத் திரும்ப வருது, என்ன? கொப்பர் இடைக்கிடை என்னை ‘இஞ்சேரப்பா’ எண்டு கூப்பிடுவாரெல்லே. அந்த இடத்தையும் சேர்த்துத் தா.”

முழுப் பதிவில் அந்தக் குரல் இருந்தது. இரண்டு தரம் கூப்பிட்டிருந்தார். இடைஞ்சல் என்று அவள் முதலில் வெட்டியதே அதைத்தான். அழித்துவிட்டேன் என்று சொல்ல வாயெடுத்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் வேறொன்று வந்தது.

“அண்டைக்கு அவர் கூப்பிடேல்லை அம்மா.”

அம்மா கோட்டுக்குள் ஒரு கையை விட்டாள். மற்றக் கைக்கு வழி தேடித் தடுமாறினாள். நிருஷா கோட்டைப் பிடித்துவிட்டாள்.

“நான் வேலைக்குப் போன நேரத்திலயும் கூப்பிட்டுக்கொண்டுதான் கிடப்பார் எண்டு நினைச்சன்” என்றாள் அம்மா. “கூப்பிடேல்லையோ.”

மெட்ரோவில் இரண்டு பேருக்கும் இடம் கிடைத்தது. மூச்சைப் போட்டுத் தரச் சொல்லி அம்மா அவளிடம் போனை நீட்டவில்லை.